கத்தியை விடுங்க, கைக்காப்பைப் பாருங்க: ஜப்பானிய ட்சுபாவின் உலோகக் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் ரெண்டு தடவை வந்த வரிகளை மட்டும் எடுத்திருக்கிறோம்.)

சாமுராய்னு சொன்னதும் எல்லாருக்கும் மனசுல வர்றது கத்திதான். அனிமே, கேம், சினிமா எல்லாம் சேர்ந்து அந்தப் படத்தை நல்லா பதிய வச்சிருக்கு. இன்னைக்கு நாம அந்தக் கத்தியோட கூர்மை பத்தி பேசப் போறதில்ல. கத்திக்கும் கைப்பிடிக்கும் நடுவுல ஒரு சின்னத் தகடு இருக்குமே, வட்டமா, பெரும்பாலும் 7 அல்லது 8 சென்டிமீட்டர் அகலத்துல, அதைப் பத்திதான் முழு எபிசோடும். அதுக்குப் பேர் ட்சுபா. தமிழ்ல கைக்காப்புன்னு சொல்லிக்கலாம்.

ஏன் இதுக்கு ஒரு எபிசோடு? செம்புல துளி தங்கத்தைக் கலந்தா என்ன நிறம் வரும்னு யாரைக் கேட்டாலும் "இன்னும் பளபளப்பா இருக்கும்"னு சொல்வாங்க. இந்தக் கைவினைஞர்கள் அதே கலவையிலிருந்து நீலம் ஓடுற கருப்பு நிறத்தை எடுத்தாங்க. அது எப்படின்னு புரிஞ்சா, அதைத் துடைச்சு சுத்தம் பண்றது ஏன் பெரிய தப்புன்னும் புரிஞ்சிடும்.

முதல்ல பாகங்கள்

ஒரு ஜப்பானிய வாளை அசெம்பிள் பண்ண கம்ப்யூட்டர் மாதிரி நினைச்சுக்கோங்க. கத்தி ஒரு பாகம். அதைச் சுத்தி இருக்கிற உறை, கைப்பிடி, உலோக வேலை எல்லாம் தனித்தனி பாகங்கள். கைப்பிடியில ஒரு சின்ன மூங்கில் ஆணிதான் எல்லாத்தையும் பிடிச்சு வச்சிருக்கும். அதைத் தட்டி எடுத்தா மொத்தமும் கழன்று வந்துடும். அதனால கத்தியை வச்சுக்கிட்டு, மற்றதை எல்லாம் மாத்திக்கலாம். தாத்தாவோட கத்திக்கு பேரன் புது அலங்காரம் போட்டுக்கிட்டது சாதாரண விஷயம்.

உலோகப் பாகங்கள்ல முக்கியமானவை இவை. ட்சுபா, கைக்காப்பு. கைப்பிடியின் ரெண்டு முனையிலும் இருக்கிற பூண்கள்: கத்திப் பக்கம் ஃபுச்சி, அடிப்பக்கம் கஷிரா. கைப்பிடியைச் சுத்தி இருக்கிற நாடாவுக்கு அடியில எட்டிப் பார்க்கிற ரெண்டு குட்டி உருவங்கள் மெனுகி. அப்புறம் உறையின் பக்கவாட்டுல செருகி வைக்கிற சின்னக் கத்தியின் பிடி, கொஸுகா. தலைமுடியை ஒழுங்கு பண்ற ஊசி மாதிரி ஒண்ணும் உண்டு, அது கோகாய்.

இப்போ ட்சுபாவை உத்துப் பாருங்க. நடுவுல முக்கோணம் மாதிரி ஒரு நீளத் துளை, கத்தியின் வால் நுழையறதுக்கு. பக்கத்துல சில சமயம் ஒண்ணு அல்லது ரெண்டு சின்னத் துளைகள், கொஸுகாவுக்கும் கோகாய்க்கும் வழிவிட. நடுத் துளையின் மேலயும் கீழயும் சில ட்சுபாவுல செம்புத் துண்டுகளை அடைச்சிருப்பாங்க. வேற கத்திக்குப் போடும்போது துளை பெருசா இருந்தா ஆடுமே, அதைச் சரி பண்ணத்தான். துளையைச் சுத்தி உளியால அடிச்ச தழும்புகளும் இருக்கலாம், அதுவும் இறுக்கத்துக்காக. இந்த ட்சுபா எத்தனை கத்தியில வேலை பார்த்திருக்குன்னு சொல்ற லாக் ஃபைல் மாதிரி அது.

சண்டை நின்ன பிறகு வந்த அழகு

ஆரம்ப கால ட்சுபாக்கள் பெரும்பாலும் இரும்பு. வாள் அடிக்கிற கொல்லரும் கவசம் செய்யறவரும் செஞ்சது. வேலை தெளிவு: கை நழுவி கத்தி மேல போகக் கூடாது, வாளோட எடை சமநிலையில இருக்கணும். அலங்காரம்னா தகட்டுல வெட்டின ஒரு எளிய உருவம், அவ்வளவுதான்.

1603-ல் டொகுகவா ஆட்சி ஆரம்பிக்குது. அடுத்த இரண்டரை நூற்றாண்டு ஜப்பானில் கிட்டத்தட்ட அமைதி. சாமுராய் இடுப்பில் ரெண்டு வாள் செருகிக்கிட்டு ஆபீஸ் வேலை பார்க்கிறார்: கணக்கு, வரி, நிர்வாகம். வாளை உருவ வேண்டிய நாள் வாழ்க்கையிலேயே வராமல் போகலாம். ஆனா தினமும் அதை அணிஞ்சாகணும், ஏன்னா அதுதான் அவரோட அந்தஸ்து.

உறைக்குள்ள இருக்கிற கத்தியை யாரும் பார்க்க முடியாது. வெளியே தெரியறது ட்சுபாவும் பூண்களும்தான். அதனால ரசனை, பணம், குறும்பு எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்துச்சு. எடோ கோட்டைக்குள்ள போகும்போது கட்டுப்பாடான கருப்பு அலங்காரம். வீட்டுல, ஊர்ல, விருப்பம்போல பூச்சி, மீன், மழை, நிலா, பழைய சீனக் கதைகள். வியாபாரிகளுக்கு நீள வாள் அணிய அனுமதி இல்லை, குட்டை வாள் மட்டும் அணியலாம். கையில் காசு இருந்த வியாபாரிகள் அந்தக் குட்டை வாளுக்கே பிரமாதமான வேலைப்பாடு வாங்கினாங்க.

இரும்பும் ஒதுங்கிப் போயிடல. தென்மேற்கே ஹிகோ பகுதியில், தேநீர்க் கலை ஆசான் சென் நோ ரிக்யூவின் சீடரான ஹொசொகவா தடாஓகி என்ற பிரபுவின் ஆதரவில் ஒரு இரும்பு மரபு வளர்ந்தது. அடக்கமான வடிவம், ஆழ்ந்த பழுப்பு நிறம், அதிலே கொஞ்சமா தங்கம்.

கருப்பு எங்கிருந்து வருது?

இப்போ நான் ரொம்ப நேரம் செலவு பண்ண விரும்புற இடத்துக்கு வந்துட்டோம். ரெண்டு கலவைகளின் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க.

முதல்ல ஷகுடோ. செம்போட கொஞ்சம் தங்கம், சாதாரணமா 3 முதல் 5 சதவீதம். ரெண்டாவது ஷிபுயிச்சி. செம்போட வெள்ளி. அந்தப் பெயருக்கே "நாலில் ஒரு பங்கு"ன்னுதான் அர்த்தம், ஆனா நடைமுறையில வெள்ளியின் அளவு பட்டறைக்குப் பட்டறை மாறும்.

உருக்கி, தகடாக்கி, தேய்ச்சு முடிச்ச ஷகுடோவைப் பார்த்தா ஏமாந்து போவீங்க. சாதாரண செம்பு மாதிரிதான் இருக்கும். கருப்பு அதுக்குள்ள இல்ல. கடைசிப் படியில்தான் வருது.

அந்தக் கடைசிப் படி இப்படி. பொருளை ஒரு பிசிறு எண்ணெய்கூட இல்லாம சுத்தம் பண்றாங்க. துருவின முள்ளங்கிச் சாறுல நனைக்கிறாங்க. ஆமா, நம்ம சாம்பார் முள்ளங்கியோட ஜப்பானிய அண்ணன்தான். சாறு மேற்பரப்பு முழுக்க சமமா ஒட்டிக்கிட்டு, நிறம் திட்டுத்திட்டா வராம காக்குது. அப்புறம் கொதிக்கிற ஒரு கரைசலில் இறக்கி, விடாம ஆட்டிக்கிட்டே இருக்காங்க. கரைசலில் இருக்கிற முக்கியப் பொருள் ரொக்குஷோ. செம்புப் பாத்திரத்துல பச்சையா படியுமே களிம்பு, அதோட உறவுக்காரன். கூடவே மயில்துத்தம், சில பட்டறைகளில் படிகாரம். எதை எவ்வளவு போடணும்ங்கிறது அந்தந்தப் பட்டறையின் ரகசியம்.

கொஞ்சம் கொஞ்சமா செம்பு நிறம் மறையுது. பழுப்பு, ஊதா, கடைசியில காக்கா இறகு மாதிரி நீலம் கலந்த கருப்பு. நடந்தது என்னன்னா, மேற்பரப்பில் உள்ள செம்பு ஆக்சைடா மாறுது. அந்த ஆக்சைடு படலத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத அளவில் தங்கத் துகள்கள் சிதறிக் கிடக்கு. அந்தத் துகள்களால படலம் ஒளியை விழுங்குற விதமே மாறிப் போகுது. தங்கம் இல்லாத வெறும் செம்பை அதே கரைசலில் போட்டா செம்பழுப்பு நிறத்தோட நின்னுடும். ஷிபுயிச்சி சாம்பல் நிறத்துக்குப் போகும், மழை மேகம் மாதிரி. தங்கமும் வெள்ளியும் கரைசலைக் கண்டுக்கவே மாட்டாங்க, போன நிறத்தோட வெளியே வருவாங்க.

இதோட விளைவை யோசிச்சுப் பாருங்க. ஒரு கைவினைஞர் ஷகுடோ தகட்டுல ஷிபுயிச்சி மேகம், வெள்ளி நிலா, செம்பு இலை, தங்கப் பூச்சி எல்லாம் பதிக்கிறார். பதிச்சு முடிச்சு முழுப் பொருளையும் ஒரே பாத்திரத்துல இறக்குறார். ஒரே இன்புட், ஆனா ஒவ்வொரு உலோகமும் தன்னோட நிறத்தைத் தானே எடுத்துக்குது. தூரிகை இல்ல, பெயின்ட் இல்ல. வேலை நடக்கும்போது பாதி உலோகங்கள் கிட்டத்தட்ட ஒரே நிறத்துல இருக்கும். முடிஞ்ச படம் அவர் தலைக்குள்ள மட்டும்தான் இருக்கு.

இந்த வகைக் கருப்புச் செம்பு ஜப்பானுக்கு மட்டும் சொந்தமில்லை. பழைய எகிப்திலும் ரோமிலும் தங்கம் கலந்து கருப்பாக்கப்பட்ட செம்புப் பொருட்களை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்காங்க. நம்ம பக்கத்துல பார்க்கணும்னா கர்நாடகாவின் பீதர் வேலை. அங்கே கலவை வேற, துத்தநாகமும் செம்பும். மண்ணும் நவச்சாரமும் சேர்ந்த குழம்பு அடிப்படை உலோகத்தைக் கருப்பாக்கும், வெள்ளியைத் தொடாது. யோசனை ஒரே குடும்பம்தான். ஆனா இத்தனை கலவை, இத்தனை நிறம்னு வரிசையா வளர்த்துக்கிட்டுப் போனது ஜப்பானியப் பட்டறைகள்.

பத்தாயிரம் அடி, அன்டூ கிடையாது

அடுத்தது உளி வேலை. மூணு உத்தியை மட்டும் சொல்றேன்.

ஒண்ணு, நனாகோ. மீன் சினை மாதிரி நெருக்கமா, வரிசையா குட்டிக் குட்டி மணிகள் நிறைஞ்ச பின்னணி. நுனியில குழிவான ஒரு சின்ன உளியை வச்சு சுத்தியலால ஒரு தட்டு, ஒரு மணி. அடுத்த தட்டு, அடுத்த மணி. மணி அரை மில்லிமீட்டர்னு வச்சுக்கிட்டா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 அடி. ட்சுபாவின் ஒரு பக்கத்தை நிரப்ப பத்தாயிரத்தைத் தாண்டும். வரிசை ஒரு இடத்துல கோணலா போனா வெளிச்சத்துல உடனே காட்டிக் கொடுத்துடும். இதை மட்டுமே வாழ்நாள் வேலையா செஞ்ச நிபுணர்கள் இருந்தாங்க.

ரெண்டு, பதிப்பு வேலை. பள்ளம் தோண்டி, அதோட சுவரை உள்பக்கமா சாய்ச்சு வெட்டணும். அதுல தங்கக் கம்பியை வச்சு தட்டினா அது விரிஞ்சு உள்ளே சிக்கிக்கும். பசை வேண்டாம், பற்றவைப்பு வேண்டாம். இரும்புக்கு இன்னொரு வழி: மேற்பரப்பில் துணி நெசவு மாதிரி குறுக்கும் நெடுக்கும் நுண்ணிய கீறல் போட்டு, தங்கத் தகட்டை அழுத்தித் தேய்ச்சுப் பிடிக்க வைக்கிறது. ராஜஸ்தானில் கோஃப்ட்காரின்னு சொல்ற வேலையும் இதே தத்துவம்தான்.

மூணு, கடாகிரி. உளியைச் சாய்ச்சுப் பிடிச்சு, கோட்டின் ஒரு பக்கம் ஆழமாவும் மறுபக்கம் சரிவாவும் வெட்டறது. கோடு தடிச்சு மெலிஞ்சு போகும், மை தொட்ட தூரிகை ஓடின மாதிரி. உலோகத்துல தூரிகையின் வேகத்தைக் கொண்டு வர்றது. அழிச்சு எழுத வழியே இல்லை.

அரண்மனை வீடும் தெருக் கலைஞனும்

இந்தத் துறையில ஒரு பெரிய வீடு இருந்தது, கோட்டோ குடும்பம். முதல்வர் கோட்டோ யூஜோ, 1440 முதல் 1512 வரை வாழ்ந்தவர், அஷிகாகா ஷோகுனுக்காக வேலை செய்தவர். அங்கிருந்து 17 தலைமுறைத் தலைவர்கள். ஆட்சிகள் மாறின, இவங்க மட்டும் அரசு வேலையிலேயே இருந்தாங்க. ஐந்தாம் தலைமுறை டொகுஜோ 1588-ல் ஹிதெயோஷிக்காக ஓபன் என்ற பெரிய தங்க நாணயத்தையும் செஞ்சு கொடுத்தார். குடும்ப பாணி ஒண்ணுதான்: ஷகுடோ, நனாகோ பின்னணி, தங்கத்தில் சிங்கம், டிராகன். முன்னோர் செஞ்ச பொருள் இதுன்னு சான்றிதழும் இவங்களே எழுதிக் கொடுப்பாங்க. மடிச்ச தாள்ல எழுதினதால அந்தச் சான்றிதழுக்குப் பேர் ஓரிகாமி. பொம்மை மடிக்கிற அதே வார்த்தை.

இந்த மாதிரி அதிகாரபூர்வமான இடத்துக்கு எதிர்வினை வராம இருக்காது. எடோ நகரத்துல யோகொயா சோமின் (1670–1733) என்பவர் வீட்டுப் பாணியை விட்டு விலகி, ஊர் மக்களுக்காக வேலை செய்ய ஆரம்பிச்சார். கடாகிரி உத்திக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அரண்மனைப் பாணியை "வீட்டுச் செதுக்கல்"னும், இவங்க பாணியை "ஊர்ச் செதுக்கல்"னும் பிரிச்சுச் சொல்வாங்க. அதுக்கப்புறம் வந்த பல நல்ல கைகள் ஊர்ச் செதுக்கல் பக்கம் வளர்ந்தவைதான்.

1876: ஒரே வருஷத்துல காலியான சந்தை

இப்போ ஒரு கேள்வி. நீங்க இருபது வருஷம் ஒரே ஒரு தொழில்நுட்பத்துல நிபுணர் ஆகியிருக்கீங்க. ஒரு நாள் காலையில அரசாங்கம் அந்தத் தொழில்நுட்பத்தைப் பொது இடத்துல பயன்படுத்தவே தடை போடுது. என்ன பண்ணுவீங்க?

1876 மார்ச் 28-ல் மெய்ஜி அரசு அதைத்தான் செஞ்சது. ராணுவம், போலீஸ், சில சடங்கு உடைகள் தவிர, வேற யாரும் பொது இடத்துல வாள் அணியக் கூடாது. அதே வருஷம் சாமுராய்களுக்குப் பரம்பரையா வந்த படிக்காசும் அரசுப் பத்திரங்களா மாற்றப்பட்டது. அதாவது வாங்கத் தேவையும் போச்சு, வாங்க காசும் போச்சு. கோட்டோ மரபின் கடைசி பெரிய கை என்று பேசப்படுற கோட்டோ இச்சிஜோ இறந்ததும் அதே 1876-ல்தான்.

பலர் தொழிலை விட்டாங்க. சிலர் புகைக்குழாய்க்கும் பை கொக்கிக்கும் இறங்கினாங்க. பழைய பாகங்கள் மலிவா வெளிநாட்டுக்குப் போயின. மெனுகியை ப்ரூச்சா மாத்தி சட்டையில குத்திக்கிட்டாங்க. கொஸுகா பிடியைக் கழற்றி, மேற்கத்திய சாப்பாட்டு மேஜைக் கத்திக்குப் பிடியா போட்டாங்க.

ஆனா எல்லாமே அங்கே முடிஞ்சிடல. மூணு பேரைப் பாருங்க.

கானோ நட்சுவோ (1828–1898), வாள் அலங்காரத்தில் பேர் எடுத்தவர். புது அரசு நவீன நாணயம் அடிக்க முடிவு பண்ணினப்போ, அந்த நாணயங்களின் வடிவமைப்புக்கு அவரைத்தான் கூப்பிட்டாங்க. ஓசாகா நாணயச் சாலை 1871-ல் திறந்தது. எட்டு சென்டிமீட்டர் வட்டத்துல வேலை பார்த்தவருக்கு நாணயம் இன்னும் சின்ன வட்டம், அவ்வளவுதான். பிறகு டோக்கியோ நுண்கலைப் பள்ளியில் பேராசிரியர், 1890-ல் அரச இல்லக் கலைஞர் என்ற கௌரவம்.

உன்னோ ஷோமின் (1844–1915), மிட்டோ பகுதியைச் சேர்ந்தவர், சிற்பத்துக்குப் போனார். அரசவை நடனக் கலைஞர் ஒருவரின் உருவத்தைப் பல உலோகங்களில் செஞ்சு 1890 கண்காட்சியில் வச்சார். முகமூடி, உடை, அதன் பூவேலை எல்லாம் வாள் பாகத்துல கத்துக்கிட்ட அதே உத்திகள்.

ஷோவாமி கட்சுயோஷி (1832–1908), ஒகாயாமா பிரபுவின் ஆதரவில் இருந்தவர். ஆதரவு போனதும் தூபக்கலசம், குவளைன்னு மாறினார். அவர் செஞ்ச பூச்சிகளும் காய்களும் உலோகம்னு நம்ப கொஞ்சம் நேரம் ஆகும்.

மூணு பேரும் தங்களோட கை வேலையை மாத்தல. அது உட்காருற பொருளை மாத்தினாங்க. அதேசமயம் இந்த அலை கடல் தாண்டியும் போச்சு. நியூயார்க்கில் டிஃபானி நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவர் எட்வர்ட் மூர் ஜப்பானியப் பொருட்களைச் சேகரிச்சார், டிஃபானி வெள்ளிச் சாமான்கள் மேல செம்பு மீனும் தும்பியும் வர ஆரம்பிச்சது. அவரோட சேகரிப்பு 1891-ல் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குப் போனது.

இதை வெற்றிக் கதையா மட்டும் கேட்டுட்டுப் போயிடாதீங்க. நமக்குப் பேர் தெரியறது தப்பிச்சவங்களோடது. அந்த நனாகோ நிபுணர்களை நினைச்சுப் பாருங்க, மணி மட்டுமே அடிச்சுப் பழகின கை. அவங்களுக்கு மாற ஒரு நாணயச் சாலையோ கண்காட்சியோ காத்துக்கிட்டு இல்ல.

தயவுசெஞ்சு புளி போட்டுத் தேய்க்காதீங்க

இப்போ நடைமுறைக்கு வருவோம். 1945-க்குப் பிறகு நேச நாட்டு ராணுவம் ஜப்பானில் ஏராளமான வாள்களைப் பறிமுதல் செஞ்சது, பல அழிக்கப்பட்டன, பல நினைவுப் பொருளா வெளிநாடு போயின. அதனால இந்தப் பாகங்கள் உலகம் முழுக்க வீடுகளிலும் ஏலத் தளங்களிலும் சுத்திக்கிட்டே இருக்கு. வெளிநாட்டுல வேலை பார்க்கிற நம்ம ஆட்கள் கையிலயும் பழைய சாமான் சந்தையில ஒண்ணு மாட்டலாம்.

நம்ம வீட்டுப் பழக்கம் என்ன? செம்பு கருத்துப் போச்சுன்னா புளி, எலுமிச்சை, உப்பு, இல்லன்னா பாலிஷ் திரவம். குத்துவிளக்குக்கு அது சரி. ஷகுடோவுக்கு அது மரண அடி. அந்தக் கருப்புப் படலம் தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு மெல்லியது. ஒரு நிமிஷம் தேய்ச்சா போதும், செம்பு எட்டிப் பார்க்கும். அழுக்குன்னு நினைச்சு எடுத்தது அந்தக் கலைஞர் கடைசியா போட்ட நிறம். திரும்ப நிறமேத்த முடியும், ஆனா அதுக்கு முன்னாடி மேற்பரப்பைச் சுத்தமா எடுக்கணும். நுண்ணிய உளிக்கோடும் அதோட கொஞ்சம் போயிடும்.

இரும்பு ட்சுபாவுக்கும் அதே பாடம். அதோட ஆழ்ந்த பழுப்பு நிறம் பல தலைமுறையா உருவான ஒரு கட்டுப்பாடான துரு. அது உள்ளே இருக்கிற இரும்பைக் காக்குது. புதுசா வர்ற செந்துருவை மட்டும் எலும்பு அல்லது மான்கொம்புத் துண்டால பொறுமையா சுரண்டி எடுப்பாங்க, ஏன்னா அவை இரும்பைவிட மென்மை, படலத்தைக் கீறாது. கம்பி நார், துரு நீக்கும் அமிலம், உப்புத்தாள் எதுவும் கிட்டவே வரக் கூடாது. மத்தபடி உலர்ந்த பருத்தித் துணி, விரல் வியர்வை படாம ஓரத்தைப் பிடிக்கிற பழக்கம், இது போதும்.

வாங்க ஆசை இருக்கிறவங்களுக்கு மூணு விஷயம். வார்ப்புல எடுத்த நகல்களில் ஓரங்கள் மழுங்கி, கோடுகள் உயிரில்லாம, சில இடங்களில் குட்டிக் காற்றுக்குமிழ்க் குழிகள் தெரியும். பெயர் பொறிச்சிருக்கேன்னு நம்பிடாதீங்க, பிரபலமான கையெழுத்துகளைப் போலியா போடுறது பல நூறு வருஷப் பழக்கம். கத்தியில மாட்டின தழும்பு இல்லைன்னா அது போலின்னும் முடிவு பண்ணிடாதீங்க, பரிசா கொடுத்து பெட்டியிலேயே இருந்தவையும் உண்டு.

வாங்காமலே ரசிக்கவும் வழி இருக்கு. டோக்கியோவில் தேசிய அருங்காட்சியகமும் வாள் அருங்காட்சியகமும், கியோட்டோவில் மெய்ஜி காலக் கைவினைக்காகவே இருக்கிற கியோமிசு சன்னென்சாகா அருங்காட்சியகம், லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட், பாஸ்டனில் நுண்கலை அருங்காட்சியகம். எங்கேயும் போக முடியாதவங்க மெட்ரோபாலிடன் தளத்துல ட்சுபான்னு தேடுங்க. பெரிய அளவுப் படங்கள் இலவசம். ஜூம் பண்ணி முதல்ல பின்னணி மணி வரிசையைப் பாருங்க, அப்புறம் பின்பக்கப் படத்தையும் திறங்க. முன்பக்கம் பாதி சொன்ன கதையை அங்கே முடிச்சிருக்கிறது நிறைய ட்சுபாவுல உண்டு. கத்தி போட்டிருந்தவர் இடுப்பிலிருந்து எடுத்துத் திருப்பினால் மட்டும் தெரியற பக்கம் அது.

அடுத்த எபிசோடு மொக்குமே-கானே பத்தி. உலோகத்துல மரத்தின் ரேகையை வரவழைக்கிற உத்தி, இதுவும் வாள் பட்டறையில பிறந்ததுதான், இன்னைக்குக் கல்யாண மோதிரத்துல வாழுது. கேள்வி இருந்தா அனுப்புங்க. அதுவரைக்கும், வீட்டுல கருத்துப் போன பழைய பொருள் ஏதாவது இருந்தா, தேய்க்கிறதுக்கு முன்னாடி அந்தக் கருப்பு தானா வந்ததா, யாராவது கொண்டு வந்ததான்னு ஒரு நிமிஷம் பாருங்க.